திருத்தணியில் மூன்று மணி வெயில்: நான் வைத்த கண்ணாடியும் அதற்குப் போட்ட மறைப்பும்

மே மாதத்தில் யாராவது விரும்பித் திருத்தணிக்குப் போவார்களா? நான் போனேன். ஆர்.கே.பேட்டை சாலையில் ஒரு சேலை மொத்த வியாபாரியின் அலுவலகத்தை வடிவமைத்தவள் நான்தான். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. போன கோடையில் அந்தப் பக்கம் உட்காரும் ஊழியர் செல்வி தலைசுற்றி, நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "ஏசியைக் கூட்டி வையுங்கள்" என்று போனில் சொன்னேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஜனவரியில் கண்ணாடிக்கு வெளியே, இரண்டடி தள்ளி, துளையுள்ள சுட்ட செம்மண் கற்களால் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினோம். முகப்பு மறைகிறதே என்று முதலாளிக்கு வருத்தம். கோடையில் பலன் தெரியாவிட்டால் இடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சென்ட்ரலில் காலை பத்தரை மணி மின்சார ரயில். எண்பது கிலோமீட்டரைக் கடக்க இரண்டேகால் மணி நேரம் ஆனது. மணவூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. நிலையத்துக்கு வெளியே ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

"கோயிலுக்கா மேடம்?"

"இல்லைங்க, ஒரு சுவரைப் பார்க்க."

"செவுரு பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு இருக்கீங்க!" சிரித்தபடியே வண்டியைக் கிளப்பினார்.

மூன்று மணிக்கு வெப்பமானியை எடுத்தேன். மறைப்பின் வெளிப்புறம் ஐம்பத்திரண்டு டிகிரி. உள்ளே கண்ணாடியில் முப்பத்தைந்து. போன வருடம் முதலாளி அளந்து சொன்னபோது இதே கண்ணாடி நாற்பத்தாறைக் காட்டியது. இரண்டு ஏசியில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு செல்வி?"

"ஆங், நல்லாகீது மேடம். ஆனா நாலரைக்கு ஓட்டை வழியா வெயில் நேரா கண்ல அடிக்குது. அப்ப அட்டை வச்சிக்கினுதான் வேலை செய்றேன்."

அவர் இடத்தில் நான் உட்கார்ந்து காத்திருந்தேன். சொன்னபடியே நாலரைக்குத் தாழ்ந்த வெயில் கண்ணைக் கூசவைத்தது. வரைபடத்தில் உச்சி வெயிலைக் கணக்குப் போட்ட நான் சாய்வு வெயிலை விட்டிருந்தேன். கண் மட்டத்தில் வரும் மூன்று வரிசைகளில், துளைகளின் வெளிவாய் கீழ்நோக்கும்படி சாய்த்துக் கட்டினால் போதும். அங்கேயே வரைந்து காட்டினேன்.

முதலாளி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "இடிக்க வேணாம் மேடம். அந்த மூணு வரிசைய மாத்திக் கட்டிட்டு, மாடிக்கும் இதையே போட்டுடுங்க."

போக நினைப்பவர்களுக்கு: கிருத்திகை நாளைத் தவிர்த்துவிடுங்கள், ஆட்டோ கிடைக்காது. மேற்கு பார்த்த அலுவலகம் கட்டுகிறீர்கள் என்றால், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே திரை போட்டுப் பயனில்லை. கட்டி முடித்தவர்கள் மே மாதத்தில் ஒரு நாள் மூன்று மணிக்குப் போய், ஐந்து வரை ஊழியரின் நாற்காலியில் உட்காருங்கள். நான் அதை ஒரு வருடம் தாமதமாகச் செய்தேன்.