இறப்புப் பதிவேட்டில் எடுத்த பெயர்

இறப்புப் பதிவேட்டைப் பார்க்க விரும்புபவர், ஸ்டாம்பு ஒட்டிய மனுவில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். தமக்குத் தேவையான ஒரு பதிவை மட்டும், குமாஸ்தாவின் முன்னிலையில் பார்க்கலாம். இது விதி. குமாஸ்தா நானே என்பதால் எனக்கு நானே மனுக் கொடுக்கவில்லை.

கதை எழுத என்னென்ன வேண்டும் என்று இப்போது இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என்னிடம் இருந்தவை ஒரு பேனாக்கட்டை, ஓர் அகராதி, தாலுகா கச்சேரியின் இறப்புப் பதிவேடு. அகராதியைவிடப் பதிவேடு உதவியது. பெயர், கணவன் பெயர், ஊர், வயது, செத்த காரணம் என்று பாதிக் கதையைக் கிராமத்து மணியக்காரரே எழுதி அனுப்பியிருப்பார். மத்தியானத்தில் நான் அதைப் புரட்டுவதைப் பார்த்தால் தலைமைக் குமாஸ்தா, "சோத்தை உட்டுப்போட்டுச் செத்தவங்களோட என்னய்யா பேச்சு?" என்பார்.

அப்படி அகப்பட்டவள் சங்ககிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கிணற்றில் தவறி விழுந்ததாக ஒரே வரி. தவறி விழுந்தால் கதை ஏது? என் கதையில் புருஷன் தள்ளிவிட்டான். பெயர்களும் ஊரும் பதிவில் இருந்தபடியே. உண்மைப் பெயருக்குக் கனம் அதிகம் என்பது அப்போது என் இலக்கியக் கொள்கை. சென்னையில் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அதே பதிவுக்கு நகல் கேட்டு ஒருவர் வந்தார். மனுவிலிருந்த பெயரை இரண்டு தரம் படித்தேன். என் கொலைகாரன். மெலிந்த மனிதர், துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"நகல் எதுக்குங்க?"

"எம் மச்சானுக்குக் காட்டோணுமுங்க சாமி. அவம் பொறந்தவளை நாந்தேன் தள்ளி உட்டேன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறானுங்க. சர்க்கார் எழுத்துன்னா நம்புவான்."

"படிக்கத் தெரியுமா அவருக்கு?"

"ஏனுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? மாசமானா மெட்ராஸ்ல இருந்து கதைப் பொஸ்தகம் தருவிக்கிறவனுங்க. அச்சுல வந்தா அத்தனையும் நெசம்பான்." சற்று நிறுத்தி, "அருவாளைத் தீட்டி வெச்சிருக்கறான்னு பேச்சுங்க" என்றார், மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போல.

எந்தப் பத்திரிகை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நகலைப் பிழையில்லாமல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

கதையைத் திருப்பி அனுப்பும்படி அன்றே ஆசிரியருக்கு எழுதினேன். பிறகு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, ஒரு தந்தி. பதில் இல்லை. புது இதழ் வரும் நாளில் ரயிலடிக்குப் போய், பொருளடக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திறப்பேன். ஆவணியில் இல்லை. புரட்டாசியிலும் இல்லை. அது நிம்மதியல்ல, ஒரு மாத வாய்தா. சங்ககிரிப் பக்கத்துச் சாவுகள் கச்சேரிக்குப் பதிவாகி வந்தால், பெயர்ப் பத்தியை முதலில் படிக்கப் பழகினேன். அந்த மனிதரின் பெயர் இல்லையென்று தெரிந்த பிறகே காரணப் பத்திக்குப் போவேன்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயரை ஓர் ஊரிலிருந்தும் சாவை வேறோர் ஊரிலிருந்தும் எடுங்கள். அனுப்பும் முன் பெயரை மறுபடி மாற்றுங்கள். இதற்கு விதி ஏதும் இல்லை.

கடைசியில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே என் கதை, ஒரு தாளும் குறையாமல். முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "இந்தக் கணவன் கொலை செய்வான் என்று நம்ப முடியவில்லை." அதன் கீழே, கச்சேரி வழக்கப்படி, வரவுத் தேதியைக் குறித்தேன்: ஐப்பசி மூன்று.