தாலி ஏறாத திருமணம்

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வாசுகிக்குத் தெரிந்தது, தான் பல ஆண்டுகளாக இன்னொருவனின் மனைவி என்று.

மலேசியாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய சின்னையாவின் மூத்த மகள் அவள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். காளிதாசனோடு நிச்சயமானபோது, இங்கே பலரும் செய்வதைப் போல, ரிஜிஸ்டரையும் சேர்த்தே முடித்துவிட்டார்கள். கோயில் கல்யாணம், மண்டபம் கிடைத்த பிறகு. பதிவு இலாகாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். தாலி ஏறும்வரை அதை யாரும் கல்யாணமாக நினைக்கவில்லை.

மண்டபம் கிடைப்பதற்குள் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி, புடவையையும் மோதிரத்தையும் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"முடிஞ்சதுலா, விடு" என்றார் சின்னையா. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து லோகேஸ்வரன் வந்தான். சுங்கைப் பட்டாணியில் சொந்தமாகக் கார் பட்டறை வைத்திருப்பவன். இருவரும் பதிவு இலாகாவில் திருமண மனு கொடுக்கப் போனபோது, முகப்பில் இருந்த மலாய்ப் பெண் கணினித் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"காக், சூடா காவின்லா."

அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே திருமணமாகிவிட்டது என்றாள். நிச்சயம் முறிந்ததை வாசுகி லோகேஸ்வரனிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். அந்தக் கையெழுத்தைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"நீங்க வேணாம்னு போனாலும் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள், காரில் ஏறியதும்.

"மொதல்ல சாப்பிடலாம். ஒரு நாள்கூட குடும்பம் நடத்தாத பொண்ணுக்கு டிவோர்ஸ் வாங்கிக் குடுத்துக் கட்டிக்கப் போறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

வழக்கறிஞர் விளக்கினார். பதிவு ஆனதுமே சட்டத்துக்கு அது திருமணம்தான்; தாலி ஏறியதா என்று அது கேட்பதில்லை. காளிதாசனும் சேர்ந்து மனுச் செய்தால் சுலபமாகப் பிரியலாம். மறுத்தால் வழக்கு இழுக்கும்.

காளிதாசனைத் தொலைபேசியில் அழைத்தாள். "தட்டத்தான் திருப்பிக் குடுத்தாச்சே, பழச எதுக்குக் கிளறுற?" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் கூலிமில் இருந்த அவன் வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்தது அவன் கோயிலில் தாலி கட்டிய பிரேமாவதி, நிறைமாதம். விரட்டப் போகிறாள் என்று அஞ்சியபடியே வாசுகி எல்லாவற்றையும் சொன்னாள்.

பிரேமாவதி உள்ளே இருந்த காளிதாசன் பக்கம் திரும்பினாள். "ரிஜிஸ்டர மெதுவா பண்ணிக்கலாம்னு சொன்னீங்களே, அப்ப நான் உங்களுக்கு யாரு?"

"அந்தக் கையெழுத்து இன்னும் செல்லும்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றான் அவன்.

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? சட்டைய மாட்டுங்க. லாயரப் பாக்கப் போறோம்." பிறகு வாசுகியின் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்கக்கா. நீங்க வரலைன்னா எனக்கு யாரு சொல்லியிருப்பா?"

காளிதாசன் கையெழுத்திட்டான். நீதிமன்றம் மனுவை ஏற்றது. சில மாதம் கழித்து இறுதி ஆணை வந்ததும் வாசுகி முதலில் அழைத்தது பிரேமாவதியை. மறுமுனையில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இனி நானும் போய் ரிஜிஸ்டர் பண்ணலாமா?"

"பண்ணலாம். மொதல்ல நீ போ. உன்னாலதான்மா எனக்கு வழி பொறந்துச்சு."

பட்டறையில் அவள் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரன் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி முறைத்தான். "கட்டிக்கப் போறவன் நான். எனக்கு ரெண்டாவதாத்தான் சொல்வியா?"

"உங்களுக்கு எப்பச் சொன்னாலும் இங்கதான இருப்பீங்க" என்றாள் வாசுகி. அந்த உறுதி வாய்த்ததற்காக அவள் மனம் நன்றியில் நிறைந்திருந்தது.

அவன் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினான். "அப்ப வா. இலாகா மூடறதுக்குள்ள மனுவக் குடுத்துருவோம்."