கண் திறந்த இருபத்து நாலு தாள்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். 1935 மார்ச்சில், தமிழர் கடல் தாண்டிப் போய்க் குடியேறிய பிரிக்பீல்ட்ஸில், பட்டப்பகலில் நடந்தது இது.

அய்யாவு கடைப் பலகை எழுதுகிறவர். காப்பித்தூள் விளம்பரத்துக்கு ஓடும் படம் செய்து தருவதாகச் சினிமாக் கொட்டகைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். இருபத்து நாலு தாள்களில் ஒரு நீலச் சேலைக்காரி இடுப்பில் குடத்தோடு நடந்து வரவேண்டும். புதுத் தாள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஜெயராஜ், கழித்துப்போட்ட எக்ஸ்ரே தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவியதும் பளிங்காகிவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று அய்யாவு பார்க்கவே இல்லை.

கோயில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டிய குடும்பம் அவருடையது. கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதல் பார்வை மனுஷர் மேல் படக்கூடாது என்று எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பார்கள். பழக்க தோஷம், விளம்பரப் பொம்மைக்கும் அய்யாவு அப்படியே செய்தார். ஒவ்வொரு தாளாகச் சட்டத்தில் நிறுத்தினார். எதிரே கண்ணாடி வைத்தார். கண்களை எழுதி முடித்தார்.

மனைவி புஷ்பவல்லிதான் கவனித்தாள்.

"ஏங்க... கண்ணாடி இந்தப் பக்கந்தானே இருக்கு? தாளு ரெண்டு பக்கமும் தெரியுதே."

தாளுக்குப் பின்னால் தொட்டில். அதில் நாலு மாதப் பிள்ளை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு விழித்துக் கிடந்தது. ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. அய்யாவுக்குச் சுருக்கென்றது. காப்பித்தூள் பொம்மைக்கு எதற்குப் பயம் என்று சிரித்து மழுப்பினார்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை. தாள்களைப் பிலிமில் பிடித்தாயிற்று; படம் சரியாக ஓடுகிறதா என்று காலிக் கொட்டகையில் போட்டுப் பார்த்தார்கள். மணி 4.10.

கர்ர்ர்... கர்ர்ர்...

அவள் நடந்தாள். படம் சுற்றிச் சுற்றி வந்தது.

மூன்றாம் நிமிஷத்தில் குடம் சற்றுச் சரிந்திருந்தது. அவர் அப்படி வரையவில்லை.

நாலாம் நிமிஷத்தில் குடம் இல்லை.

இடுப்பில் ஒரு துணி மூட்டை...

அது அசைந்தது.

அவள் குனிந்து துணியை விலக்கினாள். சின்ன முகம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

மணி 4.14.

அய்யாவு வீட்டுக்கு ஓடினார்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்ட அங்கே யாரும் இல்லை. புஷ்பவல்லி அடுப்படியில் இருந்தாள்.

பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது. விலாவில் அந்தச் சேலையின் நீல வண்ணம்.

ஈரமாக...

பிள்ளை போன எட்டாம் நாள் ஜெயராஜ் வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, ஆஸ்பத்திரிப் பழைய ஏட்டைப் பார்த்தேன். நான் குடுத்த அந்த இருபத்து நாலு தாளும் ஒரே பொம்பளையோட நெஞ்சுப் படம். கேரி தீவுத் தோட்டத்துக்காரி. காச நோய். மாசம் ஒண்ணா ரெண்டு வருஷம் எடுத்தது. ஆஸ்பத்திரியிலேயேதான் பிள்ளை பெத்தா. நோய் ஒட்டிக்கும்னு அப்பவே தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாகுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம்..."

அவன் அய்யாவு முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளையை ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டுங்கன்னு."