வெயிலில் வைத்த ஆறு பாட்டில்

மேனாம்பேட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் நாகவல்லியின் வீட்டுக்குள் யாரும் சட்டென்று நுழைந்துவிட முடியாது. வாசலிலேயே வாளியும் சோப்பும் இருக்கும். கை கழுவினால்தான் பேச்சு. மாடி வீட்டுக்காரியான என்னையே நிறுத்துகிறாளே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கணவர் அய்யாசாமி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயிற்றில் ஒரு குழாய். அதன் வழியே தினம் நாலு முறை திரவத்தை ஏற்றி இறக்க வேண்டும். எல்லாம் வீட்டிலேயே, நாகவல்லி கையாலேயே. போன வருடம் குழாய் வழியாகக் கிருமி போய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வந்தால் குழாயையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிருமி சாகத் துடைப்பதற்கென்று கடைகளில் விற்கும் வாசனைத் தண்ணீரை நாகவல்லி நம்பவில்லை. ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்ததை இறுத்து, துடைக்கும் மருந்தை அவளே தயாரித்தாள். மேசை, கதவுப்பிடி, சுவிட்ச், கட்டில் கம்பி எல்லாவற்றையும் சோப்புத் துணியால் துடைத்து, அதன்மேல் இது. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் சேர்த்து ஆறு கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் நிரப்பி மொட்டைமாடி வெயிலில் வரிசையாக வைத்துவிடுவாள். ஊறுகாய் மாதிரி இதுவும் வெயில் பட்டால் காட்டமேறும் என்பது அவள் எண்ணம். துணி உலர்த்தப் போகும்போது பார்த்து நானும் மெச்சியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அய்யாசாமியின் அக்கா கமலம் ஆப்பிள் பையோடு வந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் தரை துடைத்தவர். நான் படியில் நின்றிருந்தேன்.

"கை கழுவிகினு உள்ள வாங்க அண்ணி. கட்டில்ல மட்டும் ஒக்காராதீங்க."

"இன்னாடி, என் தம்பிய பாக்க எனக்கே சட்டமா?"

கமலம் கோபத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் துடைக்க மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கோபம் எங்கோ போய்விட்டது.

"நாகு, இத்த எப்போ கலந்த?"

"ஞாயித்துக்கெழம. வெயில்ல வெச்சிருந்தேன்."

"போச்சு போ! வாசனையே இல்ல, வெறும் தண்ணிடி இது. வெயில் பட்டா சத்து பூடும். நாங்க தெனம் காலைல புதுசா கலந்து, மூடின கேன்ல நெழல்ல வெப்போம்."

நாகவல்லியின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை மாதமாக வெறும் தண்ணீரால் துடைத்திருக்கிறாள்! உள்ளே பன்னிரண்டு மணித் திரவத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மாடியில் மிச்சமிருந்த பாட்டிலையும் எடுத்து வந்து எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு புதிதாகக் கலந்தாள்.

"ஆசிட்டு கீசிட்டு எதையும் இதோட சேத்துடாத, மூச்சு முட்டும்" என்று வாசலிலிருந்தே கத்தினார் கமலம்.

அறை முழுவதையும் முதலிலிருந்து துடைத்தாள். பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை.

"இன்னா இவ்ளோ லேட்டு?" என்றார் அய்யாசாமி.

"கம்முனு கெட."

கமலம் எழுந்து உள்ளே நடந்தார். இவ்வளவு பெரிய உதவி செய்தவரை இனி எப்படித் தடுப்பாள்? நாகவல்லி வாசலில் கையை நீட்டி மறித்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"சோப்பு அங்க கீது அண்ணி."

கமலம் வாளியிடம் திரும்பிப் போய் முழங்கைவரை கழுவினார்.