பாலத்தடியில் ஒதுங்கியவர்கள்

இரண்டு நாற்பது. ஃபேக்டரி பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலிருந்த கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி ஷிஃப்டுக்குப் பாசிர் கூடாங் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த மாதம் இரண்டு முறை பிந்தியிருந்தேன். இன்னொரு முறை என்றால் வேலை நிரந்தரமாகாது என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியே பேய்மழை. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. எங்கள் டிரைவர் அண்ணனோ மழை என்றாலே மாட்டுவண்டி வேகம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, ஓரத்துல எமர்ஜென்சி லேன் காலியாத்தானே கெடக்கு! எடுங்க லா!”

“பாலம் வருது தங்கச்சி. மோட்டார்சைக்கிள்காரங்க ஒதுங்கி நிப்பாங்க.”

“உங்களுக்கென்ன, வேல போகப்போறது எனக்குத்தானே!”

மழை பிடித்தால் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் மேம்பாலங்களுக்கு அடியில்தான் ஒதுங்குவார்கள். எனக்குத் தெரியாதா? என் தம்பியே அப்படி நிற்கிறவன்தான். ஆனாலும் என் வாய் ஓயவில்லை. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அண்ணன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். நின்ற கார்களைத் தாண்டி பஸ் பாய்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

பாலத்தடி இருட்டில் ஹெல்மெட்டுகள் தெரிந்ததும் அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஈரத்தில் பஸ் நிற்காமல் வழுக்கியது. “அலமாக்!” என்று யாரோ மலாயில் அலறினார்கள். குழந்தைக்கு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர், பிள்ளையை வாரி அணைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு கை தூரத்தில் பஸ் நின்றது. அண்ணன் இறங்கிப் போய் ஒவ்வொருவரிடமும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் இருக்கையை விட்டு எழவில்லை.

அன்று மூன்று மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். பாலத்தடியில் நின்றவர்களின் புகாரும் ஃபேக்டரிக்கு வந்துவிட்டது. மறுநாள் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து, ஏன் தாமதம், யார் அந்த ஓரத்தில் ஓட்டச் சொன்னது என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“யாரும் சொல்லல சார். என் தப்புதான். இவங்க என்ன செய்வாங்க?” என்றார் அண்ணன்.

பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தியவள், அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாமதம் அவர் தலையில் விழுந்தது. அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சொந்தக் காரில் போகிறேன். மழையில் பாலம் நெருங்கினால் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் ஹாரன் அலறும், அலறட்டும். அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாரிடமாவது கேட்டால் தெரிந்துவிடும். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், போய்ப் பார்க்க வேண்டுமே.