அண்ணன் அழித்த பக்கம்

என் அண்ணனுக்கு வீட்டில் பட்டப்பெயர் முதல்பாடம். வைத்தது நான்தான். எதைப் படிக்க உட்கார்ந்தாலும் முதல் பாடம் முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவான்.

பஸ் டிக்கெட் பதிவு செய்கிற கவுன்ட்டரில் வேலை பார்த்தவன் அவன். எல்லோரும் போனிலேயே சீட் பிடிக்க ஆரம்பித்ததும் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். எந்த வெப்சைட் தன் வேலையைத் தின்றதோ அதையே செய்யக் கற்றுக்கொள்வேன் என்று வீம்பாகச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தான். வீம்பு ரொம்ப நாள் தாங்கவில்லை.

வெப்சைட்டை ஒன்றுமில்லாததிலிருந்து கட்ட வேண்டாம். பாதி வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க்குகள் இருக்கின்றன. இருப்பது ஒன்றா இரண்டா? முதலில் ரியாக்ட் என்ற ஒன்றைப் படித்தான். அதில் மட்டும் அதிசயமாக, பஸ் சீட் தேர்ந்தெடுக்கும் பக்கம் ஒன்றை முடித்து, அதன் படத்தோடு விண்ணப்பமும் அனுப்பினான். அப்புறம் மாடி வீட்டுக்காரர், பெரிய கம்பெனிகளில் ஆங்குலர்தான் கேட்கிறார்கள் என்று கொளுத்திப் போட்டார். இவன் ஆங்குலருக்குப் போனான். போன் வீடியோவில் எவனோ, இரண்டுமே தேறாது, வியூ படியுங்கள் என்றான். இவன் அங்கேயும் ஓடினான். தப்பானதைப் பிடித்துவிட்டால் இந்த வயதில் இன்னொரு தடவை எழுந்திருக்க முடியாது என்று அவனுக்கு உதறல். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது.

மாறும்போதெல்லாம் பழையதை மொத்தமாக அழித்துவிடுவான். கண்ணில் பட்டால் மனசு அங்கேயே போகுமாம்.

அப்போதுதான் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த சீட் பக்கம் பிடித்திருக்கிறது, கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். போனை வைத்தவன் முகத்தில் ஈயாடவில்லை. அழித்ததை எப்படிக் காட்டுவது, போக மாட்டேன் என்றான். நான் கத்தியதில் சட்டையை மாட்டிக்கொண்டான். விட்டால் வழியிலேயே திரும்பிவிடுவான் என்று கூடவே போனேன்.

அங்கே கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது வெளியே இருந்த எனக்குத் தெரிந்தது. மேனேஜர் அம்மா ஏதோ கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். அவர் ஒரு கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். கூட்டத்தில் தொலைந்த குழந்தை அப்படித்தான் பார்க்கும். சிரித்து வைத்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன சொன்னே?"

"பயத்துல அழிச்சுட்டேன்னு சொன்னேன். இங்கயே திரும்பச் செய்ங்கன்னாங்க. பாதிதான் வந்துச்சு. மீதியை நாளைக்கு வந்து முடிக்கணுமாம். அதைப் பார்த்துட்டுதான் சொல்வாங்களாம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தட்டு வைத்தார். அண்ணன் சாப்பிடவில்லை, போனைத் தடவிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ரியாக்ட்டின் காலம் முடிந்ததா என்று தலைப்புப் போட்டு ஒரு வீடியோ. அவன் விரல் அதன்மேல் நின்றது. வாயைத் திறந்தால் திட்டிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் போனை அணைத்து என்னிடம் நீட்டினான்.

"நாளைக்கு நான் வர்ற வரைக்கும் நீ வெச்சுக்கோ. நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதே."

நான் வாங்கிக்கொண்டதும் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.