பன்னிரண்டாம் பிரெட்டில் அளந்த தப்பு

காலை பத்தரைக்குப் போன் வந்தது. “யக்கா, எந்தக் கம்பியத் தொட்டாலும் கரகரங்கு” என்றார் முத்துக்குமார். முந்தின நாள்தான் அவருடைய பாஸ் கிட்டாரின் கம்பி உயரத்தைச் சரிசெய்து, செட்டப் செய்து கொடுத்திருந்தேன். “உடனே கொண்டாங்க” என்றேன்.

முத்துக்குமார் ஆழ்வார்குறிச்சிக்காரர். கல்யாண வீடு, கோயில் கொடை என்று போகிற ஒரு இன்னிசைக் குழுவில் பதினெட்டு வருஷமாக பாஸ் வாசிக்கிறார். சில மாதங்களாக இடது கை விரல்களில் வலி. கச்சேரியின் கடைசிப் பாட்டுகளில் விரல் சரியாக அழுந்துவதில்லை, நோட் ஒலிக்காமல் செத்துவிடுகிறது. குழுவின் ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: “இந்த ரிசப்ஷன் வரைக்கும் பாப்பேன் வே. சரிவரலைன்னா கீபோர்டுக்காரன் இடது கையாலயே பாஸ் வாசிச்சிருவான். தனியா ஒரு ஆள் எதுக்கு?”

அந்த ரிசப்ஷன் அன்று சாயங்காலம், அம்பாசமுத்திரத்தில்.

பேட்டையில் எனக்கு ரிப்பேர் கடை. ஆம்ப், கீபோர்டு, கிட்டார் எல்லாம் பார்ப்பேன். “கம்பிய நல்லா இறக்கிருங்க யக்கா” என்று அவர் கேட்டார், இறக்கினேன். கம்பி தாழ்ந்தால் விரல் அவ்வளவு அழுத்த வேண்டாம். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான பிரெட்டுகளில் பன்னிரண்டாவதில் ஸ்கேல் வைத்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் திருகைத் திருகி, கம்பியின் உயரத்தை இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, பைய வாசித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. வாசித்தது நான் என்பதுதான் கோளாறு.

பன்னிரண்டு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “அஞ்சு மணிக்கு சவுண்ட் செக்” என்று மட்டும் சொன்னார்.

“மேடையில வாசிக்க மாதிரியே நின்னு வாசிங்க” என்றேன். கட்டை விரலால் அவர் அறைந்த அறையில் கம்பி போய் பிரெட்டில் மோதியது.

“இம்புட்டு ஓங்கி அடிக்கணுமா?”

“பக்கத்துலயே ரிதம் பேடும் டிரம்ஸும் யக்கா. அடிக்கலைன்னா எனக்கே கேக்காது. பதினெட்டு வருஷக் கை, இனிமே மாத்த முடியுமா?”

கம்பியை ஏற்றினால் விரல் போகும், இறக்கினால் கரகரக்கும். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. “எங்கன வச்சு அழுத்தும்போது வலிக்கி?”

“மேல போனா வலிக்காது. இங்கன, ஒண்ணு ரெண்டு மூணாம் பிரெட்டுலதான். நான் வாசிக்கதும் முக்காவாசி இங்கனதான்.”

அப்படியென்றால் பிரச்சினை பிரிட்ஜில் இல்லை. தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற சின்னக் கட்டையில், நட்டில் இருக்கிறது. நட்டில் கம்பிக்கு வெட்டிய காடிகள் ஆழமில்லாமல் கம்பி அங்கே தூக்கி நின்றது; அதனால்தான் முதல் பிரெட்டுகளில் அத்தனை அழுத்த வேண்டியிருந்தது. பிரிட்ஜை அவர் அடிக்குத் தாங்குகிற அளவு ஏற்றிவிட்டு, அரத்தை எடுத்தேன். காடி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினாலும் நட்டு பாழ். மாற்று நட்டு என்னிடம் கிடையாது, சென்னையிலிருந்துதான் வரவேண்டும். இரண்டு இழைப்பு, கம்பியைப் பூட்டு, சுருதி ஏற்று, அழுத்திப் பார், மறுபடி இழை. மூன்றாவது கம்பியைத் தட்டியதும் கரகரவென்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பார்த்தால், பதற்றத்தில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல், தளர்ந்த கம்பியைத் தட்டியிருக்கிறேன். ஏற்றியதும் கரகரப்பு நின்றது.

வேலை முடிய மூன்று மணி. கடையைப் பூட்டிவிட்டு நானும் அவரோடு பஸ் ஏறினேன். வீட்டில் இருந்தால் தவித்தே செத்திருப்பேன்.

சவுண்ட் செக்கில் ஓனர் மேடைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீபோர்டுக்காரர், தேவைப்பட்டால் இருக்கட்டுமென்று, இடது கையால் பாஸையும் சேர்த்தே வாசித்தார். நாலாவது பாட்டு பாதியில் ஓனர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏலே, அந்த இடது கைய எடு. ரெண்டு பாஸ் கேக்கு. முத்துக்குமார் வாசிக்கதே போதும்.”

முத்துக்குமார் நிமிராமல் அடுத்த பாட்டுக்குப் போனார். நான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஸ்கேலை எடுக்குமுன் ஆளை நிற்கவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கேட்க அரை நிமிஷம் ஆகும். அதை நான் முந்தின நாள் கேட்காமல் விட்டதற்கு, ஒரு மனிதர் பதினெட்டு வருஷ இடத்தை இழக்கப் பார்த்தார்.